நாலைந்து பின்னங்களைப் பெருக்கும்போது எது முதலில்: பெருக்கலா, வெட்டலா?

இலங்கை மலையகத்துப் பெற்றோர் கேட்கும் கணக்குக் கேள்விகளில் இது அடிக்கடி வரும் ஒன்று. "பள்ளியில் டீச்சர் மேலே உள்ளதையெல்லாம் பெருக்கி, கீழே உள்ளதையெல்லாம் பெருக்கி, கடைசியில் சுருக்கச் சொல்கிறார். டியூஷன் சேர் முதலில் வெட்டு, அப்புறம் பெருக்கு என்கிறார். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் முழிக்கிறாள். எதைப் பிடிப்பது?"

வெட்டுவது என்றால் மேலே உள்ள ஓர் எண்ணையும் கீழே உள்ள ஓர் எண்ணையும் ஒரே எண்ணால் வகுத்துச் சின்னதாக்குவது. இரண்டு வழியும் சரிதான். எந்த வழியில் போனாலும் விடை ஒன்றே. அதனால் கேட்க வேண்டியது எது சரி என்பதில்லை. எந்த வழியில் வேலை குறைவு, எந்த வழியில் பிழை வந்தால் கண்ணில் படும் என்பதுதான். இந்த இரண்டைத் தவிர இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் எண்களின் பருமன். இடையில் இரண்டிலக்க எண்ணோடு வேலை முடிகிறதா, ஆறிலக்கம் வரை போகிறதா? எண் பெரிதாகப் பெரிதாக வாய்ப்பாடு கைவிட்டுவிடும். நீளப் பெருக்கல் தொடங்கும். பிழையும் அங்கேதான் நுழையும்.

இரண்டாவது, பிழை தன்னைக் காட்டிக்கொடுக்குமா என்பது. இதுதான் என் பார்வையில் மிகப் பெரிய அளவுகோல். ஆனால் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. தப்பான விடை பார்த்தவுடன் தப்பாகத் தெரிந்தால் பிள்ளை திருத்திக்கொள்ளும். சரியான விடை போலவே தோற்றமளித்தால் அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

மூன்றாவது, விடை முழுதாகச் சுருங்கிவிட்டது என்ற உறுதி. 'எளிய வடிவில் தருக' என்று கேட்டிருக்கும் கணக்கில் பாதியில் நின்றுவிட்டால் புள்ளி போய்விடும்.

நேரமும் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் (ஓ/எல்) கணிதத்தின் முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம். அதற்குள் 25 சிறு வினாக்கள், அப்புறம் 5 பெரிய வினாக்கள். அந்தப் பெரிய வினாக்களில் முதலாவது வழக்கமாகப் பின்னக் கணக்காகத்தான் இருக்கும். அதிலேயே கால் மணித்தியாலம் போனால் மிச்சம் எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடித்தான் முடிக்க வேண்டும்.

எல்லா முறைகளையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்க்கலாம்:

14/15 × 25/28 × 18/35 × 7/9

## முதல் வழி: எல்லாவற்றையும் பெருக்கிவிட்டுச் சுருக்குவது

மேலே உள்ள தொகுதியெண்கள்: 14 × 25 = 350. 350 × 18 = 6,300. 6,300 × 7 = 44,100.

கீழே உள்ள பகுதியெண்கள்: 15 × 28 = 420. 420 × 35 = 14,700. 14,700 × 9 = 132,300.

ஆக 44,100/132,300. இனிச் சுருக்க வேண்டும். இரண்டு பூச்சியங்களை எடுத்தால் 441/1323. இலக்கங்களைக் கூட்டினால் மேலேயும் 9, கீழேயும் 9. ஆகவே 9 ஆல் வகுபடும்: 49/147.

நிறையப் பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுவார்கள். இரண்டால் போகாது, மூன்றால் 49 போகாது, ஐந்தால் போகாது, முடிந்தது என்று நினைப்பு. ஏழை யாரும் நினைப்பதில்லை. 49 என்பது 7 × 7. 147 என்பது 3 × 49. உண்மையான விடை 1/3.

பார்த்தீர்களா, ஆறு பெருக்கல் செய்து இலட்சத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பவும் கீழே இறங்கி 1/3க்கு வந்திருக்கிறோம். வழியில் தூக்கி எறியப்போகும் 7களையும் 5களையும் மலையுச்சி வரை முதுகில் சுமந்துபோன மாதிரி.

உழைப்பு கூடுதல் என்பது வெளியே தெரியும் செலவு. தெரியாத செலவு இன்னொன்று இருக்கிறது. 420 × 35 ஐ ஒரு பிள்ளை அவசரத்தில் 14,500 என்று எழுதிவிட்டது என்று வையுங்கள். கீழே 130,500 வரும். 44,100/130,500 ஐச் சுருக்கினால் 49/145. இதில் ஏதாவது சந்தேகம் வருகிறதா? வராது. நன்றாகச் சுருங்கிய, மரியாதையான பின்னமாகத்தான் தெரியும். பிழை எங்கே நடந்தது என்று தேட வேண்டுமானால் ஆறு பெருக்கலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அதற்காக இந்த வழியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1/2 × 3/4 × 1/5 மாதிரிக் கணக்கில் வெட்ட ஒன்றுமில்லை. நேரே பெருக்கினால் 3/40, வேலை முடிந்தது. பின்னப் பெருக்கலை முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கும் இதுதான் நல்லது. மேலோடு மேல், கீழோடு கீழ் என்ற விதி மனதில் பதிவதற்கு முன்பே வெட்டக் கற்றுக்கொடுத்தால், எதை எதோடு வெட்டுவது என்று தெரியாமல் கண்டபடி கோடு போடத் தொடங்கிவிடும். பள்ளி டீச்சர் இந்த முறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

## இரண்டாவது வழி: முதலில் வெட்டி, கடைசியில் பெருக்குவது

அதே கணக்கு. 14ஐயும் 28ஐயும் 14 ஆல் வெட்டினால் 1, 2. 25ஐயும் 15ஐயும் 5 ஆல் வெட்டினால் 5, 3. 18ஐயும் 9ஐயும் வெட்டினால் 2, 1. 7ஐயும் 35ஐயும் வெட்டினால் 1, 5. இப்போது மிச்சம் இருப்பது:

1/3 × 5/2 × 2/5 × 1/1

மேலே ஒரு 5, கீழே ஒரு 5, போய்விட்டது. மேலே ஒரு 2, கீழே ஒரு 2, அதுவும் போய்விட்டது. விடை 1/3. இடையில் எங்கும் 35ஐ விடப் பெரிய எண் வரவில்லை. அந்த 35 கூடக் கேள்வியிலேயே இருந்ததுதான்.

இது குறுக்குவழி, ஏமாற்று என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படியில்லை. நாலு பின்னங்களையும் ஒரே நீளக் கோட்டின் மேலும் கீழும் எழுதிப் பாருங்கள்: மேலே 14 × 25 × 18 × 7, கீழே 15 × 28 × 35 × 9. இது ஒரே ஒரு பின்னம். ஒரு பின்னத்தின் மேலையும் கீழையும் ஒரே எண்ணால் வகுத்தால் பெறுமதி மாறாது என்பது பிள்ளை சமவலுப் பின்னம் படித்தபோதே தெரிந்துகொண்ட விஷயம். பெருக்கலில் வரிசையும் முக்கியமில்லை. ஆகவே மேலே உள்ள எந்த எண்ணையும் கீழே உள்ள எந்த எண்ணோடும் வெட்டலாம்.

எந்த எண்ணையும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பின்னத்தோடு குறுக்காக மட்டும்தான் வெட்டலாம் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டு பின்னங்களை வைத்துத்தான் அவர்களுக்கு முதலில் காட்டப்படுகிறது. முதல் பின்னத்தின் 14ஐ மூன்றாம் பின்னத்தின் 35 ஓடு 7 ஆல் வெட்டித் தொடங்கினாலும் அதே 1/3 தான் வரும். செய்து பாருங்கள், வழி கொஞ்சம் நீளும், விடை மாறாது.

புதுமுறை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. கி.பி. 850 அளவில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர், பின்னப் பெருக்கலுக்கு விதி சொல்லும்போதே இதைச் சொல்லிவிட்டார்: முடியுமானால் முதலில் குறுக்காகச் சுருக்கிவிட்டு, பிறகு மேலோடு மேலையும் கீழோடு கீழையும் பெருக்கு என்று.

தோட்டத்துக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் தேயிலைப் பெக்டரிக்கு வந்த பச்சைக் கொழுந்தில் 3/4 பங்கு மேல்மலையில் பறித்தது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது பெக்டரிக் கணக்கு. பின்னமாகச் சொன்னால் 2/9. அந்தத் தூளில் 3/5 பங்கு பி.ஓ.பி. ரகம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேல்மலைக் கொழுந்திலிருந்து வந்த பி.ஓ.பி., வந்த பச்சைக் கொழுந்து முழுவதிலும் எத்தனை பங்கு?

3/4 × 2/9 × 3/5. மேலே உள்ள இரண்டு 3களும் கீழே உள்ள 9ஐ முழுதாகத் தின்றுவிடும். 2ம் 4ம் வெட்டுப்பட்டுக் கீழே 2 மிச்சம். ஆக 1/10. கொழுந்து 800 கிலோ வந்திருந்தால் 80 கிலோ. மனக்கணக்காகவே முடிந்துவிட்டது.

இந்த முறையின் பெரிய இலாபம் வேகமில்லை, உறுதி. எல்லாம் வெட்டிய பிறகு, மேலே மிஞ்சிய ஒவ்வோர் எண்ணையும் கீழே மிஞ்சிய ஒவ்வோர் எண்ணோடும் ஒருதரம் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்தச் சோடிக்கும் பொதுக் காரணி இல்லையென்றால், பெருக்கி வரும் விடை ஏற்கெனவே எளிய வடிவில்தான் இருக்கும். 49/147 இல் நின்றுவிடும் ஆபத்து இங்கே கிடையாது. பொருத்திப் பார்க்க வேண்டியவையும் சின்னச் சின்ன எண்கள்.

சரி, செலவே இல்லையா? இருக்கிறது. அதைத்தான் டியூஷன் வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

முதலாவது, கொப்பி போர்க்களமாகிவிடும். ஓர் எண்ணை வெட்டி மேலே சின்னதாக ஒன்று, அதையும் வெட்டி அதன் மேலே இன்னொன்று. கடைசியில் எது உயிரோடு இருக்கிறது, எது போய்விட்டது என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது. இரண்டு சுற்று வெட்டியதும் மிஞ்சியதை அடுத்த வரியில் புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி கூடுதல். ஆனால் திருத்துகிறவருக்கும் செய்கை விளங்கும்.

இரண்டாவது, மேலே எல்லாம் வெட்டுப்பட்டுப் போனால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்து 0 என்று எழுதுவது, அல்லது 1/3 க்குப் பதிலாக வெறும் 3 என்று எழுதுவது. வெட்டும் ஒவ்வொரு தடவையும் 1ஐ எழுத வைத்தால் இது வராது. சோம்பலுக்கு இடம் கொடுத்தால் கட்டாயம் வரும்.

மூன்றாவது, வெட்டும் ருசி பிடித்த பிள்ளை வெட்டக் கூடாத இடத்திலும் வெட்டும். மேலே உள்ள இரண்டு எண்களை ஒன்றோடொன்று வெட்டும். நடுவில் கூட்டல் அடையாளம் இருந்தாலும் வெட்டும். மிக மோசமானது, வகுத்தல் இருக்கும்போது தலைகீழாக்குவதற்கு முன்பே வெட்டுவது. 3/4 ÷ 9/8 × 5/6 என்று ஒரு கணக்கு. வகுத்தல் அடையாளத்துக்கு அடுத்திருக்கும் 9/8 ஐ மட்டும் திருப்பினால் 3/4 × 8/9 × 5/6, விடை 5/9. திருப்பாமலே 9ஐயும் 6ஐயும் 3 ஆல் வெட்டிவிட்டுப் பிறகு திருப்பினால் விடை 5 வரும். ஒன்றுக்குக் குறைவாக வர வேண்டியது ஐந்தாகிவிட்டது.

கலப்பெண்ணும் அப்படித்தான். 2¼ × 1⅓ × 5/6 என்றால் முதலில் 9/4 × 4/3 × 5/6 ஆக மாற்ற வேண்டும். விடை 5/2, அதாவது 2½. முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் பெருக்குவது எந்த முறையிலும் செல்லாது. மாற்றுவதற்கு முன் வெட்டுவதும் செல்லாது.

## மூன்றாவது வழி: இரண்டு இரண்டாக

முதல் இரண்டைப் பெருக்கிச் சுருக்கு, வந்ததை மூன்றாவதோடு பெருக்கிச் சுருக்கு, பிறகு நாலாவதோடு.

14/15 × 25/28 = 350/420 = 5/6
5/6 × 18/35 = 90/210 = 3/7
3/7 × 7/9 = 21/63 = 1/3

எண்கள் 420 ஐத் தாண்டவில்லை. வெட்டத் தெரிந்த பிள்ளையானால் அதுவரைகூடப் போக வேண்டாம். வரி கூடுதல், நேரம் கூடுதல். பின்னங்கள் ஆறு ஏழு என்று போனால் சலிப்பும் வரும்.

ஆனால் பிழையைப் பிடிக்கும் விஷயத்தில் இதை மிஞ்ச வேறு முறை இல்லை. ஒன்றுக்குக் குறைந்த பின்னத்தால் பெருக்கினால் விடை சிறுத்துக்கொண்டே போக வேண்டும். 5/6, 3/7, 1/3: சிறுத்துக்கொண்டு வருகிறது. எங்காவது திடீரென்று ஏறினால் அந்த வரியில்தான் பிழை. முழுக் கணக்கையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

வசனக் கணக்குகளில் இது இன்னும் நன்றாக உதவும், ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அர்த்தம் இருக்கும். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, தனிவீட்டுக்குப் போன குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற கணக்கு மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அந்த 7 பேர்ச்சஸில் 3/7 பங்கு வீட்டுத்தோட்டம். தோட்டத்தில் 2/3 பங்கில் லீக்ஸ். லீக்ஸ் போட்ட இடம் ஏக்கரில் எத்தனை பங்கு?

7/160 இன் 3/7 என்றால் 3/160. அது தோட்டத்தின் அளவு, 3 பேர்ச்சஸ். 3/160 இன் 2/3 என்றால் 2/160. அது லீக்ஸ் பாத்தி, 2 பேர்ச்சஸ். சுருக்கினால் 1/80 ஏக்கர். ஒவ்வோர் அடியிலும் எதைக் கண்டுபிடித்தோம் என்று வாயால் சொல்ல முடிகிறது. மூன்றையும் ஒன்றாக எழுதி வெட்டினால் 1/80 உடனே வரும்தான். ஆனால் அடுத்த கேள்வி "தோட்டத்தின் அளவு என்ன?" என்று இருந்தால் திரும்பப் போக வேண்டும்.

'மீதியில்' என்ற சொல் வரும் கணக்குகளுக்கும் இதையே சொல்வேன். சம்பளத்தில் 1/4 கடைக்கடனுக்கு, மீதியில் 2/3 சாப்பாட்டுச் சாமானுக்கு, அதற்குப் பிறகு மீதியில் 1/2 பிள்ளையின் படிப்புக்கு. கையில் மிஞ்சுவது எத்தனை பங்கு? பெருக்க வேண்டியவை கேள்வியில் கொடுத்த பின்னங்கள் இல்லை. ஒவ்வொரு முறையும் மிஞ்சியவை. 3/4 × 1/3 × 1/2 = 1/8. அடி அடியாகப் போகும் பிள்ளை இதைச் சரியாக எழுதும். எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்க அவசரப்படும் பிள்ளை 1/4 × 2/3 × 1/2 என்று எழுதிவிட்டு, அதை மிக அழகாக வெட்டி, 1/12 என்று தப்பான விடையைக் கொண்டுவரும்.

## நாலாவது வழி: முதன்மைக் காரணிகளாகப் பிரிப்பது

நம் கணக்குக்கு இது தேவைக்கு மிஞ்சியது. 14 = 2 × 7, 15 = 3 × 5 என்று எட்டு எண்களையும் பிரித்து எழுதி முடிப்பதற்குள் வெட்டுகிறவன் விடையை எழுதிவிட்டிருப்பான். ஆனால் எண்கள் முரண்டு பிடிக்கும்போது இதன் அருமை தெரியும்:

143/221 × 187/209 × 323/121

பார்த்தால் எதை எதோடு வெட்டுவது என்று தோன்றுகிறதா? 2, 3, 5 எதனாலும் போகாத எண்கள். "வெட்ட ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டிப் பெருக்கினால் 8,637,343/5,588,869 என்று ஒன்று வந்து நிற்கும்.

பிரித்து எழுதுங்கள். 143 = 11 × 13. 187 = 11 × 17. 323 = 17 × 19. கீழே 221 = 13 × 17, 209 = 11 × 19, 121 = 11 × 11. மேலே இரண்டு 11, ஒரு 13, இரண்டு 17, ஒரு 19. கீழே மூன்று 11, ஒரு 13, ஒரு 17, ஒரு 19. வெட்டியபின் மேலே ஒரு 17, கீழே ஒரு 11. விடை 17/11, அதாவது 1 முழுவதும் 6/11.

இதன் செலவு, 11, 13, 17, 19 இன் மடங்குகள் பழகியிருக்க வேண்டும் என்பது. 12ஆம் வாய்ப்பாட்டோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு 221 ஐப் பிரிக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும்.

ஏற்கெனவே பெருக்கித் தொலைத்துவிட்டால்? அதற்கும் வழி உண்டு, பாடப்புத்தகக் கணக்குகளுக்கு அது தேவைப்படுவது அபூர்வம் என்றாலும். யூக்ளிட் கி.மு. 300 அளவில் எழுதிவைத்தது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 8,637,343 இலிருந்து 5,588,869 போனால் 3,048,474. 5,588,869 இலிருந்து அது போனால் 2,540,395. 3,048,474 இலிருந்து இது போனால் 508,079. இந்த 508,079 ஆல் 2,540,395 மிச்சமில்லாமல் ஐந்து தடவை போகிறது. ஆகவே 508,079 தான் மேலுக்கும் கீழுக்குமான பொதுக் காரணிகளுட் பெரியது. அதனால் வகுத்தால் 17/11. காரணி எதுவும் தெரியாமலே, வெறும் கழித்தலில் வந்துவிட்டது. முதல் வழியில் போய் மாட்டிக்கொண்டவருக்கு இதைவிட நல்ல மீட்பு இல்லை.

## ஐந்தாவது வழி: தசமமாக்கிக் கல்குலேட்டரில் தட்டுவது

சாதாரண தரக் கணித வினாத்தாளுக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக விடுவதில்லை, ஆகவே பிள்ளைகளுக்கு இது சரிபார்க்க மட்டும். நம் கணக்கை இரண்டு தசம தானங்களுக்கு மட்டந்தட்டினால் 0.93 × 0.89 × 0.51 × 0.78, வருவது ஏறத்தாழ 0.329. இதைப் பார்த்து 1/3 என்று யார் சொல்வது? மட்டந்தட்டலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிருக்கிறது. ஆனால் வெட்டிக் கண்ட விடை 1/3 சரியா, அல்லது அந்த 49/145 சரியா என்று பார்க்க நல்லது: 49/145 என்பது 0.338. நெருக்கம்தான், அதனால் இரண்டு தானம் போதாது, நாலு தானமாவது தட்ட வேண்டும்.

நுவரெலியாச் சந்தையில் கரட் விற்கப் போகிறவருக்கு இது தாராளமாகப் போதும். அங்கே யாரும் எளிய வடிவம் கேட்பதில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | இடையில் வரும் மிகப் பெரிய எண் (நம் கணக்கில்) | பிழை தெரியுமா | முழுதாகச் சுருங்கிய உறுதி |
|---|---|---|---|
| பெருக்கிவிட்டுச் சுருக்குவது | 132,300 | தெரியாது | இல்லை |
| முதலில் வெட்டுவது | 35 | கொப்பி சுத்தமாக இருந்தால் தெரியும் | உண்டு |
| இரண்டு இரண்டாக | 420 | எந்த வரி என்றே தெரியும் | ஒவ்வொரு அடியிலும் முழுதாகச் சுருக்கினால் உண்டு |
| முதன்மைக் காரணி | 35 | தெரியும் | உண்டு |
| தசமம் | பொருந்தாது | தோராயமாக | பொருந்தாது |

## அப்படியானால் யாருக்கு எது

பின்னப் பெருக்கலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு முதல் வழி. எண்கள் சின்னதாக இருக்கும்வரை அதுவே போதும். அந்த விதி கையில் படிந்ததும், ஒரு தவணைக்குள்ளேயே இரண்டாவது வழிக்கு மாற்றிவிடுங்கள். மேல் வகுப்புக்குப் போன பிறகு மாற்றுவது கஷ்டம், பழக்கம் இறுகிவிடும்.

சாதாரண தரத்துக்குத் தயாராகிற பிள்ளைக்கு இரண்டாவது வழியைத் தவிர வேறு எதையும் அன்றாட முறையாகச் சொல்லமாட்டேன். வசனக் கணக்கு வரும்போது மட்டும் மூன்றாவதற்கு மாற வேண்டும். வெட்டும்போது அடிக்கடி பிழைவிடும் பிள்ளையாக இருந்தால் எல்லாக் கணக்குக்கும் மூன்றாவது வழியே இருக்கட்டும். வேகம் கொஞ்சம் குறையும், புள்ளி குறையாது.

கணக்கை நன்றாகச் செய்கிற பிள்ளைக்கு முதன்மைக் காரணி முறையையும் கற்றுக்கொடுங்கள். பிற்காலத்தில் அட்சர கணிதப் பின்னங்கள் வரும்போது, x² − 9 ஐப் பிரித்து வெட்டுவதும் இதே வேலைதான்.

பள்ளி டீச்சர் ஒரு முறை, டியூஷன் சேர் ஒரு முறை என்ற சிக்கலுக்கு: பள்ளிக் கொப்பியில் டீச்சர் கேட்கிறபடி செய்யட்டும், வெட்டி வந்த விடையைச் சரிபார்க்கப் பக்கத்தில் பென்சிலால் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்க மூன்று கணக்குகள். எந்த முறை என்று சொல்லாமல் கொடுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள்.

5/6 × 7/8 × 11/13. இதில் வெட்ட எதுவுமே இல்லை. அதைக் கண்டுகொண்டு நேரே பெருக்குகிறதா என்பதே சோதனை. விடை 385/624.

1/2 × 2/3 × 3/4 × 4/5 × 5/6 × 6/7 × 7/8 × 8/9 × 9/10. பெருக்கத் தொடங்கினால் 362,880/3,628,800 வரை போக வேண்டும். வெட்டினால் ஒரே பார்வையில் 1/10.

51/38 × 57/85 × 10/21. 17ஐயும் 19ஐயும் கண்டுபிடிக்க வேண்டும். விடை 3/7.